பேட்டரிக்கு வைத்த விருந்து

காரின் பேட்டரி அலமாரியையே பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது. காரை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சில நாள் வெளியூர் கிளம்பிய ஜெசிந்தா, பேட்டரி இறங்கிவிடாமல் இருக்க, அலமாரியில் இருந்த இரண்டு சார்ஜர்களில் எதை மாட்டிவிட்டுப் போகலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றாள்.

"என்னை மாட்டினா ஒரே மூச்சுல நிரப்பிடுவேன்," என்றது பெரிய சார்ஜர்.

போன தடவையும் அது அப்படித்தான் சொன்னது. பந்தியில் இலையைக் கையால் மறைத்தாலும் விடாமல் பரிமாறுகிறவரைப் போல, பேட்டரி போதும் போதும் என்று கத்தியும் நிறுத்தவில்லை. உள்ளே இருந்த தண்ணீர் கொதித்து வழிந்ததுதான் மிச்சம்.

வழிந்து காய்ந்த வெள்ளைத் தழும்பு ஜெசிந்தாவின் கண்ணில் பட்டது. சின்ன சார்ஜரை எடுத்து மாட்டிவிட்டுப் போனாள்.

சின்னது நிதானமாகக் கொடுத்துக்கொண்டே வந்தது. பேட்டரி வாயைத் திறப்பதற்குள் தானாகவே நின்றுவிட்டது. பேட்டரிக்குப் பகீரென்றது.

"போயிட்டியா?"

"இங்கேதான் இருக்கேன். உனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு, அதான் நிறுத்தினேன். பசிக்கிறப்போ மறுபடி தரேன்."

போதும் என்று கத்துவதற்காக அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்த மூச்சை, பேட்டரி மெல்ல விட்டது.