வாராவாரம் குறைந்த ஆயில்

குருமூர்த்தியின் காரில் வாராவாரம் ஆயில் குறைந்தது. தரையில் ஒழுகலில்லை, புகையுமில்லை. மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டார். மனைவி நந்தினிக்கோ நிறைமாதம். வலியெடுத்தால் அரும்பாவூரிலிருந்து பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு இந்தக் காரை நம்பிப் போகலாமா?

அப்பா இறந்தபின், கொல்லையில் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் இறைத்த அவருடைய ஆயில் எஞ்சினை யாரும் தொடவில்லை. விற்கலாமென்று திறந்தவன் திகைத்தான். உள்ளே விளிம்புவரை புது ஆயில், எஞ்சினில் சூடு.

நந்தினி சிரித்தாள். "மாமா வாய்விட்டுக் கேக்கற ஆளா? அவருக்குன்னு தனியா ஒரு டப்பா வாங்கி வெச்சுடுங்க."

வைத்தான். காரில் ஆயில் குறைவது நின்றது. ஆஸ்பத்திரிக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்கள்.

திரும்பி வந்து பார்த்தபோது, சீல் பிரிக்காத டப்பா காலியாயிருந்தது. பக்கத்தில் இன்னொன்றை வைத்தான்.

"பேத்தி பொறந்திருக்காப்பா."

வெளியே வெங்காயப் பாத்தி முழுக்க நனைந்திருந்தது.