செய்தி வாசித்த ரேடியோ

"போன மாசம் வரைக்கும் நல்லாப் பேசிட்டிருந்துச்சுண்ணே" என்றாள் அவள். பக்கத்தில் அவள் கணவர் நின்றார்.

அலமாரி மாதிரி இடுப்புயரம் நின்ற அந்தப் பழைய ரேடியோவின் பின்பலகையைக் கழற்றினார் மெக்கானிக். உள்ளே வால்வு இல்லை, ஸ்பீக்கர் இல்லை, ஒரு ஒயர்கூட இல்லை.

"விளையாடுறீங்களாம்மா? இது வெறும் பெட்டி. இது என்னத்தப் பேசுச்சு?"

"தினமும் சாயங்காலம் நியூஸ்ணே. 'முக்கியச் செய்திகள். அப்பா இன்னைக்கும் குடையைத் தொலைச்சிட்டாரு. அம்மா முகத்துல இடியுடன் கூடிய மழை பெய்யலாம்.'"

மெக்கானிக் சிரித்துவிட்டார். அப்போதுதான் பெட்டியின் மூலையில் அது கண்ணில் பட்டது. ஒரு குட்டித் தலையணை. அதன்மேல் காகிதத்தைச் சுருட்டிச் செய்த மைக்.

கணவர் மெல்லச் சொன்னார். "காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். எங்க பொண்ணு திரும்பி வரலைங்க. இவ நாள் பூரா இதைத் திறந்து திறந்து பாக்குறா. பலகையை ஆணி வச்சு அடிச்சுடுங்க, போதும்."

மெக்கானிக் சுத்தியலை எடுத்தார்.

அவள் பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறுக்கி அடிச்சிடாதீங்கண்ணே. நியூஸ் முடிஞ்சதும் அவ வெளிய வரணும்ல?"