கட்டாகாத லைன்

"கட்டே ஆவாதுன்னு எழுதிக் குடுப்பியா?" கண்ணப்பன் திரும்பத் திரும்ப இதையே கேட்டார்.

எதிரே நின்ற மாரிமுத்து புது பிராட்பேண்ட் கம்பெனியின் ஆள். தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். ஆகாது அண்ணாச்சி, ஆகவே ஆகாது என்று அவனும் சலிக்காமல் தலையாட்டினான்.

ஒரகடம் கம்பெனிகளின் கழிவு இரும்பை எடை போட்டே தலை நரைத்தவர் கண்ணப்பன். பேரத்துக்கு அவர் முன்னால் உட்கார்ந்தவன் சட்டையோடு எழுந்து போனால் அதிர்ஷ்டம். மோடம் இலவசம், ஒயர் இலவசம் என்று கறந்துவிட்டு, முதல் மாசத்துக்கு எதுக்குய்யா காசு என்று ஆரம்பித்திருந்தார்.

கோபமெல்லாம் பழைய லைன்காரன் மேல். ஊர்க் கேபிள் இராமச்சந்திரன். அவன் பேரை எடுத்தாலே கண்ணப்பனுக்குக் காது மடல் சிவந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துக் கழுத்தறுக்கிறான். துபாயிலிருந்து மகன் செந்தமிழன் வீடியோவில் வருகிற நாள் அது. பேத்தி பாடி முடிக்கிற வரைக்கும் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். மகன் வாயைத் திறந்தால் போச்சு, வாய் கோணினபடி அப்படியே நின்றுவிடுவான். செல்போன் சிக்னலோ, சேரப்பணஞ்சேரியில் அந்த வீட்டுக்குள் பேச்சுக்கே நொண்டும். படத்துக்கு எங்கே போவது?

மகன் என்ன கேட்க வருகிறான் என்று தெரியாமல் இல்லை. மணிமங்கலம் ரோட்டில் இருக்கிற லைன் வீடு. கம்பெனி ஆட்கள் வாடகைக்கு இருக்கும் அந்த ரூம்கள்தான் புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் சோறு போடுகின்றன. அதை விற்றுத் தரச் சொல்லுவான். முன்பு ரெண்டு மனை அப்படித்தான் போயின. ஊரையே மடக்குகிற கண்ணப்பன், அந்த ஒரு முகத்திடம் மட்டும் பேரமே பேசியதில்லை.

அதற்காகப் பிள்ளை முகத்தை முழுசாய்ப் பார்க்க வேண்டாமா என்பது அவர் கட்சி.

அன்றைக்கும் ஞாயிறுதான். துபாய் போன் அடித்தபோது, புதுப் பெட்டியை எங்கே மாட்டலாம் என்று மாரிமுத்து அவரைச் சாமி ரூமுக்குள் கூட்டிப் போயிருந்தான். எப்போதும் ஹால் சோபாவில் உட்கார்ந்து பேசுகிறவர், இன்றைக்கு அந்த இருட்டில் நின்றபடியே எடுத்தார். அங்கிருந்து பார்த்தால், சோபாவிலிருந்து கண்ணில் படாத பழைய மோடம் நடையில் தெரியும்.

பேத்தி பாடினாள். அப்புறம் செந்தமிழன் வந்தான். அப்பா, அந்த லைன் வீடு, என்றான்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி தாயாரம்மாள் வந்தாள். கையெல்லாம் மாவு. ஹால் பக்கம் ஒரு பார்வை. பிறகு, கொதித்த பாலுக்கு அடுப்பை அணைக்கிற மாதிரி, அலட்டிக்கொள்ளாமல் மோடம் சுவிட்சைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனாள்.

செந்தமிழன் வாய் கோணினபடி நின்றான்.

மாரிமுத்துவும் பார்த்துவிட்டான். சட்டென்று சுவரை ஆராய ஆரம்பித்தான்.

கண்ணப்பனுக்குக் காது மடல் சிவந்தது. கிளம்புய்யா என்றார் அவனிடம். ரெண்டு மாசம் இலவசமாத் தாரேன் அண்ணாச்சி என்றான், பாவம். கட்டே ஆகாத லைனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று கத்தி, வாசல் வரை தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அதே கோபத்தோடு தெருவில் நின்று கேபிள்காரனைச் செல்போனில் கூப்பிட்டார்.

"எவ்ளோ குடுத்தாலும் பத்தாதாடா உனுக்கு? ரெண்டு மனைய முழுங்கிட்டு இப்ப எங்க சோத்துல கை வெக்கிற. தர மாட்டேன்டா. ஒரு ரூம்கூடத் தர மாட்டேன்."

"இன்னா நைனா, நான் எப்ப உன்கிட்ட ரூம் கேட்டேன்?" என்றான் இராமச்சந்திரன்.

அது அவர் காதில் ஏறவில்லை. தர மாட்டேன், தர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து பார்க்கிறவர் மாதிரி. போகப் போகக் குரல் கெட்டிப்பட்டது.

நடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் தாயாரம்மாள்.

மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மோடம் சுவிட்சைப் போட்டாள்.