முப்பத்தாறு கட்டங்கள்

வீட்டுக் கடனுக்காக எங்கள் இருவருடைய சிபில் அறிக்கையையும் வங்கியில் கேட்டிருந்தார்கள். என் மனைவி ரேணுகாவின் ஸ்கோர் என்னுடையதைவிட நூற்றுப்பத்து அதிகம். அந்த எரிச்சலில்தான் அவளுடைய அறிக்கையைப் போனில் ஒரு வரி விடாமல் படித்தேன்.

அதில் ஒரு பைக் கடன் இருந்தது. ரேணுகாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. பக்கத்தில் ‘ஜாமீன்தாரர்’ என்று போட்டிருந்தது. கடன் வாங்கியவனின் பெயர் இல்லை. மாதத்துக்கு ஒன்றாக முப்பத்தாறு கட்டங்கள், எல்லாமே பச்சை. அவளை நான் கட்டிக்கொண்ட பிறகும் பதினான்கு மாதம் தேதி தவறாமல் கட்டியிருக்கிறான். அதற்குக் கீழே, அவள் பெயரில் நான் தவணைக்கு வாங்கிய டிவி. ஐந்து கட்டம் சிவப்பு.

“யாருக்கு ஜாமீன் போட்ட?”

“அப்ப கூட வேலை பார்த்த ஒருத்தருக்கு. வேற யாரும் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. அப்புறம் என்னாச்சுன்னே தெரியல.”

“ஒருத்தருக்குன்னா? பேரு இல்லையா?”

அடுத்த பாத்திரத்தைக் கழுவ எடுத்தாள்.

“ஒரு மாசம்கூடத் தவறலியே, உத்தமன்!” என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

“முழுசும் கட்டிட்டாரா?” என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

முதல் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள். எங்கள் கல்யாண மாதத்தில் விரல் நின்றது. அந்தக் கட்டமும் பச்சைதான்.