தலைவர் சொன்னால் கதவு திறக்கும்

"வாயைத் திறங்க தலைவரே! நீங்க வாயைத் திறந்தா கதவு திறக்கும். ரெண்டு கோட்டையில பார்த்தாச்சே!"

குதிரை மேலிருந்தபடியே சிரித்தான் போலந்துப் படைத் தளபதி தோபெக். கீழே, கைகள் பின்னால் கட்டப்பட்டு, தங்கச் சிலுவை போட்ட வெள்ளை அங்கியோடு நின்றிருந்தார் கைதி. எதிரே ஆற்றை ஒட்டி, செங்கல்லால் எழுப்பிய மலை போல பிர்கன்பர்க் கோட்டை.

சிலுவை வீரர் சபையின் தலைவர் வோல்ராடை உயிரோடு பிடிப்பதென்றால் சும்மாவா? போர்க்களத்தில் அந்த அங்கியைக் கண்டு வளைத்துப் பிடித்த நாளிலிருந்து தோபெக்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

கைதியும் முரண்டு பிடிக்கவில்லை. பிடிபட்ட அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"என் ஆளுங்க செத்தது போதும் தளபதி. எல்லாக் கோட்டையையும் நானே திறந்துவிடச் சொல்றேன். ஆனா முதல்ல சின்னதுங்களை முடிச்சிருங்க. நேரா பிர்கன்பர்க் போனீங்கன்னா, பின்னாலேருந்து வந்து முதுகுல குத்துவாங்க."

நியாயமாகத்தான் பட்டது. காட்டையும் சதுப்பையும் சுற்றிக்கொண்டு போனார்கள். வண்டிகள் சேற்றில் புதைந்தன. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பூசை முடியாமல் நகரமாட்டேன் என்று கைதி உட்கார்ந்துகொண்டார். ஆனாலும் என்ன? போன இரண்டு கோட்டைகளிலும் அவர் ஒரு குரல் கொடுத்ததும் கதவு திறந்துவிட்டது. ஒரு அம்பு பறக்கவில்லை. உள்ளே நடக்கமாட்டாத நாலைந்து கிழட்டு வீரர்கள் மட்டும். களஞ்சியத்தில் எலிக்குக்கூடத் தானியமில்லை.

"பயந்து ஓடிட்டானுங்க அண்ணே!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தான் உதவித் தளபதி யாரோஷ்.

இப்போது மிச்சமிருந்தது இந்தப் பெரிய கோட்டை மட்டும்தான். இது விழுந்தால் நாடே விழுந்த மாதிரி.

கைதி தொண்டையைச் செருமிக்கொண்டு மதிலைப் பார்த்துக் கத்தினார். "தலைவர் வோல்ராட் பேசறேன்! எனக்குக் கட்டுப்படறதா சத்தியம் பண்ணவங்க நீங்க. கதவைத் திறங்க!"

மேலே ஒருவர் எட்டிப் பார்த்தார். நரைத்த தாடி, ஒட்டுப்போட்ட சாம்பல் அங்கி. கோட்டைக் காவலுக்குப் பொறுப்பானவர் போலிருந்தது.

"திறன்னதும் திறக்க, கோட்டை என்ன உன் அப்பன் சொத்தா?"

மதில் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. அப்போதுதான் தோபெக் கவனித்தான். மதில் நெடுகிலும் தலைகள். போரில் தோற்ற சபைக்கு இத்தனை ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்?

"டேய்! உங்க தலைவர் கழுத்து என் கையில இருக்கு!" வாளை உருவினான். "திறக்கலைன்னா தலை உருளும்!"

மேலே இருந்தவர் மதில் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார்.

"உருட்டிக்கோ," என்றார். "எங்ககிட்ட வசந்தம் வரைக்கும் மாவு இருக்கு, உப்புக்கண்டம் இருக்கு, பீப்பாய் பீப்பாயா பீர் இருக்கு. பனி கொட்டப்போகுது. நீ கூடாரத்துல கிடந்து நடுங்கு, நாங்க மேலேருந்து வேடிக்கை பார்க்கிறோம்."

சொல்லிவிட்டு, கைதியை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். பிறகு சட்டென்று உள்ளே போய்விட்டார்.

தோபெக் கைதியின் பக்கம் திரும்பினான்.

"சொந்தத் தலைவரையே வெட்டிக்கோங்கறான்! அவனெல்லாம் மனுஷனா?"

கைதியின் முகத்தில் பயமே இல்லை. கல்யாண வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்காரும் ஆளைப் போல ஒரு நிம்மதி.

"அவரைத் திட்டாதீங்க தளபதி. சின்னக் கோட்டைங்களோட ஆளையும் தானியத்தையும் இங்க கொண்டுவந்து சேர்க்க அவருக்கு அவகாசம் தேவைப்பட்டுது. நாம சுத்தின சுத்துல அது கிடைச்சிருச்சு."

தோபெக் குதிரையிலிருந்து குதித்து அவர் அங்கியைக் கொத்தாகப் பிடித்தான். "யாருய்யா அவன்?"

"அவர்தான் தலைவர் வோல்ராட். போர்க்களத்துல இந்த அங்கியை அவர்கிட்டேருந்து பிடுங்கிப் போட்டுக்கிட்ட நான், அவர் கூடப் பிறந்த தம்பி."