மடியில் ஒரு கால்

துணிக்கடையின் பின்னறையில், சாப்பாட்டு நேரத்தில், மூத்த விற்பனைக்காரி ஓர் அட்டைப்பெட்டியின் மேல் காலைத் தூக்கி வைத்துக் காலுறையை உருட்டிக் கழற்றுகிறாள். எதிரே உட்கார்ந்து சாப்பிடும் புதியவளுக்கு வாயில் வைத்த கவளம் இறங்க மறுக்கிறது. முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கருநீலமாகப் புடைத்து, ஒன்றன்மேல் ஒன்று நெளிந்து கிடக்கின்றன. குழல்விளக்கின் வெளிச்சத்தில் தோல் மெழுகு பூசியதுபோல் மினுங்குகிறது. கணுக்காலுக்கு மேலே, கறுத்துத் தடித்த இடத்தில் ஒரு புண். அதன் நீரில் ஒட்டிக்கொண்ட காலுறை பிய்ந்து வரும்போது சர்ரென்று சத்தம் கேட்கிறது. புளித்த வாடை எழும்பி அறையை நிறைக்கிறது.

“எத்தனை நாளாக்கா இது?”

“நரம்பு பத்து வருஷமா இருக்கு. புண்ணு மூணு மாசமா. மேல ஏற வேண்டிய ரத்தம் கீழயே தேங்குதாம். நின்னுக்கிட்டே இருந்தா ஆறாதுங்கறாரு டாக்டர். நின்னாத்தானே இங்க வேலை?”

கதவைத் திறந்த மேற்பார்வையாளர் மூக்கைப் பொத்துகிறார். “ச்சீ! மூடும்மா அதை. சாப்பிடுற இடம்மா இது!”

தன் வாய்வரை வந்த சொல்லை அவர் சொல்லிக் கேட்டதும் புதியவளுக்கு உடம்பு கூசுகிறது. “நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார்” என்று கதவைச் சாத்துகிறாள். அக்காவின் பையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டு, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறாள். புண்ணின் ஈரம் உடையில் பிசுபிசுவென்று ஊறுகிறது. முகத்தைத் திருப்பி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, புண்ணின் ஓரத்தைப் பஞ்சால் ஒற்றுகிறாள்.

“அருவருப்பா இருந்தா விட்டுருடி.”

“அருவருப்பாத்தான் இருக்கு. காலை ஆட்டாதீங்க.”