தொட்டியில் மிஞ்சிய மீன்

"மத்த மீனையெல்லாம் கொட்டுது, இந்த மீனை மட்டும் ஏன் நைனா கொட்ட மாட்டேங்குது?" என்று ஜெனி ஒருநாள் கேட்டாள். கண்ணாடித் தொட்டிக்குள் கடல்சாமந்தி என்ற கொட்டும் பிராணி பூப்போல விரிந்திருந்தது. அதன் கொடுக்குகளுக்கு நடுவே இரண்டு கோமாளி மீன்கள் பயமில்லாமல் புரண்டுகொண்டிருந்தன.

இருபது வருஷம் லாஞ்சில் கடலுக்குப் போய்வந்தும் சிலுவைமுத்துவுக்குப் பதில் தெரியவில்லை. "அது ஆண்டவர் செயலு, போய்ப் படி" என்று சொல்லிவைத்தான்.

மகள் கோயிலில் முதன்முதலாக நற்கருணை, புதுநன்மை, வாங்கிய நாளில் அவன் வாங்கி வந்த தொட்டி அது. ஐப்பசியில் மஞ்சள்காமாலை ஜெனியைக் கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து அவன் மனைவி இருதயம்மாள், கோயிலுக்குப் போகும் நேரம் போக, அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். வாய் திறந்தால் மீனைப் பற்றித்தான் பேசுவாள், அதுவும் இரண்டொரு வார்த்தை.

மாசியில் ஒரு மீன் செத்தது. "இன்னும் ஒண்ணு கீது" என்றாள் அவள். அந்த ஒன்றும் இப்போது மூலையில் சாய்ந்து கிடந்தது. கடல்சாமந்தி மூடிய கைபோலச் சுருங்கிவிட்டது. அதுவும் போய்விட்டால் இவளுடைய பேச்சும் போய்விடும் என்று சிலுவைமுத்து நடுங்கினான்.

தனக்குத் தெரிந்ததை அவன் செய்தான். வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்ற வற்ற, கரையின் டீசல் நாற்றம் எட்டாத தூரத்திலிருந்து கேனில் கடல்தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினான். வலையில் மீன் இல்லாத நாளிலும் கேன் நிறைந்திருக்கும். கடல் மீனுக்குக் கடலை விட நல்ல மருந்து ஏது?

அந்த வருஷம் ஏரிகள் வறண்டுபோய், குடிதண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை லாரியில் வந்தது. ராயபுரத்தில் தண்ணீருக்காக அடித்துக்கொள்ளாத தெரு இல்லை. அப்போதுதான் எதிர்வீட்டு பெனிட்டோ அவனைத் தனியே கூப்பிட்டான்.

"மாமு, சொன்னா கோச்சிக்காத. நீ கடலுக்குப் போனப்புறம், அக்கா கோயிலுக்குப் போற நேரம் பாத்து, உன் வூட்லர்ந்து குப்பம்மா சொம்போட வந்துகினு கீது. ரெண்டு தபா பாத்துட்டேன்."

"தண்ணியா திருடுறா?"

"பின்ன, உனுக்குப் பாயசம் குடுக்கவா வந்துச்சு?"

சிலுவைமுத்துவுக்கு முகம் சூடேறியது. குப்பம்மா அடுத்த வீட்டில் தனியாக இருப்பவள். அத்திப்பட்டு உப்பளத்தில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு வந்தவள். வாய் அதைவிடக் கரிக்கும். "மீனப் புடிக்கிறதும் இவுருதான், வூட்ல வெச்சி வளக்கிறதும் இவுருதான். இன்னா பொழப்போ" என்று லாரி வரிசையில் அத்தனை பேர் முன்னால் சொல்லிச் சிரித்தவள்.

வீட்டுக்கு வந்ததும், "கொடத்துல தண்ணி கொறையுதா?" என்று கேட்டான்.

இருதயம்மாள் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொடத்துல கொறையல. தொட்டிலயும் கொறையல."

இவளிடம் போய்க் கேட்டேனே என்று நொந்துகொண்டான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எந்தக் குடத்தைக் கவனிக்கப்போகிறாள்? அதுதான் திருடிக்கு வசதியாகப் போயிற்று.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. இருதயம்மாள் கோயிலில் சிலுவைப்பாதைச் செபத்துக்குப் போனாள். லாஞ்சுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பியவன் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றான். கையும் சொம்புமாகப் பிடித்துத் தெருவில் நிறுத்திவிட வேண்டும். கோயில் மணி கேட்டபோதும் அவன் மனம் இளகவில்லை.

முன்கதவுக் கொண்டி மெல்ல விழுந்தது. குப்பம்மா உள்ளே வந்தாள். முந்தானைக்குள் மறைத்திருந்த சொம்பை வெளியே எடுத்தாள்.

குடங்கள் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராகத் தொட்டிக்குப் போனாள். தண்ணீரில் ஒரு விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நேத்திக்கு இப்ப தேவல. அன்னிக்கு உப்பளமாட்டம் கரிச்சுது." பூனையிடம் பேசுவதுபோல மீனிடம் பேசினாள். "வெயிலு தண்ணியத்தான் குடிக்கும், உப்ப அப்படியே வுட்டுட்டுப் பூடும். உங்க நைனா அதும்மேல தெனம் கடல கொண்டாந்து ஊத்தறாரு. நீ இன்னா பண்ணுவ, பாவம். நான் வாயத் தொறந்தா சண்டைன்னு நெனப்பாரு."

சொம்பைச் சாய்த்தாள். விளிம்பு வரை இருந்த குடிதண்ணீர் நூலாக இறங்கியது. நேற்று லாரியில் பிடித்து, குளோரின் மருந்து வாடை போகத் திறந்து வைத்த தண்ணீர். வரிசையில் அவளுக்குக் கிடைப்பதே இரண்டு குடம் என்பது சிலுவைமுத்துவுக்குத் தெரியும்.

மீன் பிழைக்குமா என்று சொல்ல முடியாது. மூலையை விட்டு ஒரு விரற்கடை நகர்ந்தது, அவ்வளவுதான். சிலுவைமுத்து, தான் அங்கே நின்றது அவளுக்குத் தெரியக் கூடாதென்று, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசலில் இறங்கினான்.

யாரும் இல்லாத வீட்டில் குப்பம்மாவின் குரல் மட்டும் தாழ்ந்து கேட்டது. "ஜொரத்துல நாதியில்லாம கெடந்தேன். உங்கம்மாக்குத் தெரியாம தெனம் ஒரு சொம்பு கொண்டாந்து வாயில ஊத்துன. இது உன் வூட்டுத் தண்ணிதான் ஜெனி."